பயணியின் மனமும் நாளைய வண்டியும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



நாளைய போக்குவரத்தைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தீர்கள். மின்கலம், அதிவேக ரயில், தானியங்கித் தொழில்நுட்பம் என்று அதற்குப் பல வாசல்கள் உண்டு. அவற்றின் வழியே நுழையத் தேர்ந்தவர்கள் இந்த அவையிலேயே இருக்கிறார்கள். நான் வேறொரு வாசலைத் தேர்ந்திருக்கிறேன். வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவரின் மனம் அது. அவருடைய பயம், தவிப்பு, கூச்சம், அவமானம், ஜன்னலோரம் கிடைத்தால் வரும் சந்தோஷம் எல்லாம் வண்டியின் வடிவத்தை எப்படி மாற்றி வந்திருக்கின்றன, இனி எப்படி மாற்ற வேண்டும் என்பதே என் பொருள்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயணியின் உணர்ச்சியைத் தாலாட்டித் தூங்கவைக்க வேண்டிய ஒன்றாகப் பார்க்கும் பழக்கம் போக்குவரத்துத் துறையில் வேரோடியிருக்கிறது. அந்த உணர்ச்சிக்குள் வண்டியைப் பற்றிய ஓர் உண்மை இருக்கிறது. பொறியாளரின் அளவுகோலில் அகப்படாத உண்மை. அதைக் கேட்டுத் திருந்திய வண்டிகள் நிலைத்தன. கேளாதவை பலமுறை தோற்றன.

1864ஆம் ஆண்டு ஜூலை 9, சனிக்கிழமை இரவு. லண்டனின் ஃபென்சர்ச் ஸ்ட்ரீட் நிலையத்தில் தாமஸ் பிரிக்ஸ் என்ற முதிய வங்கி அலுவலர் முதல் வகுப்பில் ஏறினார். ஹாக்னியில் இறங்க வேண்டியவர். ரயில் ஹாக்னிக்கு வந்தபோது அவர் இருந்த அறையில் அவர் இல்லை; இரத்தக்கறையும் யாரோ விட்டுச்சென்ற ஒரு தொப்பியும் இருந்தன. தண்டவாளத்தருகே குற்றுயிராகக் கண்டெடுக்கப்பட்ட பிரிக்ஸ் மறுநாள் இறந்தார். பிரிட்டனில் ரயிலுக்குள் நடந்த முதல் கொலை இது. ஃபிரான்ஸ் முல்லர் என்ற ஜெர்மானியத் தையற்காரர் மீது சந்தேகம் விழுந்தது. அவர் பாய்மரக் கப்பலில் நியூயார்க் நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். துப்பறியும் காவலர்கள் நீராவிக் கப்பலில் புறப்பட்டு, அவருக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்து காத்திருந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் முல்லர் தூக்கிலிடப்பட்டார்.

பிரிட்டன் முழுவதும் பீதி பரவியது. நான்கு ஆண்டுகளுக்கு முன், 1860இல், பிரான்சில் புவான்சோ என்ற நீதிபதியும் ரயில் பெட்டியில் இப்படித்தான் கொல்லப்பட்டிருந்தார். அக்காலத்து ஐரோப்பிய ரயில்பெட்டியின் அமைப்பை நினைத்துப் பார்த்தால் அந்தப் பீதி விளங்கும். குதிரைக் கோச்சு வண்டியின் கூண்டை மாதிரியாகக் கொண்டு, அதைப்போலப் பல கூண்டுகளை ஒரே அடிச்சட்டத்தில் வரிசையாக ஏற்றியிருந்தார்கள். அறைக்கும் அறைக்கும் இடையே வழி கிடையாது. கதவு பக்கவாட்டில் வெளியே திறக்கும். ரயில் கிளம்பிவிட்டால், எதிரில் உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாத மனிதரோடு அடுத்த நிலையம் வரை நீங்கள் அடைபட்டிருக்க வேண்டும். கத்தினாலும் சக்கரச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. ஓட்டுநரைக் கூப்பிட வழியில்லை. காப்பாளரைக் கூப்பிடவும் வழியில்லை.

ரயில் நிறுவனங்கள் அன்று சுலபமாக ஒரு பதில் சொல்லியிருக்கலாம். ஆண்டுதோறும் கோடிக்கணக்கான பயணங்கள் நடக்கின்றன, கொலை ஒன்று, ஆகவே பயப்படுவது அறிவீனம் என்று சொல்லியிருக்கலாம். கணக்குப்படி அது சரியும்கூட. ரயில் மோதல்களிலும் தடம்புரள்வதிலும் செத்தவர்களே பல மடங்கு அதிகம். ஆனால் மக்கள் பயந்தது கொலையின் நிகழ்தகவைப் பார்த்து இல்லை. ஆபத்து வந்தால் கூப்பிட ஆளில்லை என்ற நிலையைப் பார்த்து. அது கற்பனை பயம் இல்லை. பெட்டியின் கட்டுமானத்திலேயே இருந்த குறை. மாரடைப்பு வந்தாலும், பெட்டியில் தீப்பிடித்தாலும் அதே கதிதான். முதிய வங்கி அலுவலரின் சாவு அந்தக் குறையை எல்லோர் கண்ணிலும் படவைத்தது.

சில நிறுவனங்கள் அறைகளுக்கு நடுவே இருந்த தடுப்பில் சிறு துளை ஜன்னல்களை வெட்டின. கொலையாளியின் பெயராலேயே அவற்றை ‘முல்லர் விளக்குகள்’ என்றார்கள். அடுத்த அறைக்காரர் எட்டிப் பார்ப்பதைப் பயணிகள் விரும்பவில்லை. பாதுகாப்பு வேண்டும், ஆனால் யாரும் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது என்ற இழுபறி அன்றைக்கே தொடங்கிவிட்டது. இன்று கண்காணிப்புக் கேமராவைச் சுற்றி நாம் நடத்தும் வாக்குவாதத்துக்கு வயது 160க்கு மேல். பிறகு 1868இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. 20 மைலுக்கு மேல் நிற்காமல் ஓடும் ரயில்களில் பயணிகள் பணியாளரைத் தொடர்புகொள்ள ஒரு சாதனம் கட்டாயமானது. முதலில் வந்தது பெட்டிகளுக்கு வெளியே ஓடிய கயிறு. ஜன்னல் வழியே கையை நீட்டி இழுக்க வேண்டும். பல நேரம் அது வேலை செய்யவில்லை. ரயில் முழுவதையும் ஒருங்கே நிறுத்தும் தொடர்பிரேக் வந்த பிறகு பிரேக்கோடு இணைந்த சங்கிலி பெட்டிக்குள்ளேயே வந்தது. நம்முடைய ரயில்களில் ஜன்னலுக்கு மேல் தொங்கும் அபாயச் சங்கிலியின் வம்சாவளி இதுதான். அதை ஒரு நாளும் இழுக்காத கோடிக்கணக்கானவர்கள் அது அங்கே இருக்கிறது என்ற தைரியத்தில் கண்ணயர்கிறார்கள். ஓர் உணர்ச்சி இரும்பாக மாறிய கதைகளில் இதைவிடத் தெளிவானதை நான் அறியேன்.

அடுத்த கதை மேலும் கீழும் போகும் வண்டியைப் பற்றியது. ஓட்டுநர் இல்லாத வண்டி என்றதும் நமக்குக் கூகுள் குழுமத்தின் கார்கள் நினைவுக்கு வருகின்றன. உலகம் முதலில் ஏறிய ஓட்டுநரில்லா வண்டி லிஃப்ட். பொத்தானை அழுத்தினால் தானே போகும் லிஃப்ட் 1900ஐ ஒட்டியே வந்துவிட்டது. ஆனாலும் அடுத்த நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்குப் பெரிய கட்டடங்களில் சீருடை அணிந்த இயக்குநர் உள்ளே நின்று நெம்புகோலைப் பிடித்தார். ஆள் இல்லாத பெட்டியில் ஏற மக்களுக்கு மனம் வரவில்லை. 1945 செப்டம்பரில் நியூயார்க்கில் லிஃப்ட் இயக்குநர்களும் கட்டடப் பணியாளர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். நகரமே ஸ்தம்பித்தது. அதன் பிறகுதான் கட்டட உரிமையாளர்கள் தானியங்கி லிஃப்டை மும்முரமாகத் தேடினார்கள். தயாரிப்பாளர்கள் பயத்துக்குப் பதிலாக என்னென்ன வைத்தார்கள் என்று பாருங்கள். எல்லோர் கைக்கும் எட்டும் நிறுத்தப் பொத்தான். மாட்டிக்கொண்டால் பேசத் தொலைபேசி. பதற்றமில்லாமல் தகவல் சொல்லும் பதிவுக்குரல். ஏறுபவர் கையில் ஓர் அதிகாரம், ஏதாவது ஆனால் அழைக்க ஒரு ஆள், இப்போது என்ன நடக்கிறது என்ற செய்தி. 1868இன் கயிறு கேட்ட அதே சங்கதிகள்தான்.

ஓட்டுநரில்லாத நகர ரயிலுக்கு வந்தபோது மனம் வேறொன்றையும் காட்டிக்கொடுத்தது. பிரான்சின் லீல் நகரில் 1983இல் முழுத் தானியங்கி மெட்ரோ ஓடத் தொடங்கியது. நடைமேடைக்கும் தண்டவாளத்துக்கும் இடையே கண்ணாடிக் கதவுகளை வைத்தார்கள். 1998இல் பாரிசின் 14ஆம் தடம் வந்தது. அங்கே ஓட்டுநர் அறை இருக்க வேண்டிய இடம் பயணிகளுக்குக் கிடைத்தது. முன்கண்ணாடி வழியே சுரங்கம் விரிந்து வருவதைப் பார்க்கக் குழந்தைகளும் பெரியவர்களும் அங்கே போய் நிற்கிறார்கள். ஓட்டுநர் இல்லையே என்ற திகிலுக்குரிய இடமே வண்டியின் மிகச் சிறந்த இருக்கையாகிவிட்டது. முன்னால் என்ன இருக்கிறது என்று தன் கண்ணால் பார்க்க முடிந்தவருக்குப் பயம் பாதி விலகிவிடுகிறது.

பார்ப்பதும் உணர்வதும் ஒத்துப்போக வேண்டும் என்பதை உடம்பே சொல்லும். கொல்லிமலைக்குப் பேருந்தில் போனவர்களுக்கு இது தெரியும். 70 கொண்டை ஊசி வளைவுகள். பத்தாவது வளைவுக்குள் பாதிப் பேருந்து முகம் வெளிறி ஜன்னலோரம் சாய்ந்துவிடும். எலுமிச்சம்பழம் கைமாறும். ஆனால் ஓட்டுநருக்கு மட்டும் குமட்டுவதில்லை. அடுத்த நொடி வண்டி எந்தப் பக்கம் திரும்பும் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும். அவர் உடம்பு அதற்குத் தயாராக இருக்கிறது. பின்னால் இருப்பவருக்கோ கண் ஒன்று சொல்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு வேறொன்று சொல்கிறது.

இதைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது பிரிட்டிஷ் ரயில்வே. பழைய, வளைவுகள் நிறைந்த தடத்திலேயே வேகமாகப் போக வேண்டும் என்று வளைவில் தானே சாயும் ரயில் ஒன்றை அவர்கள் வடிவமைத்தார்கள். 1981 டிசம்பரில் கிளாஸ்கோவுக்கும் லண்டனுக்கும் இடையே அது ஓடத் தொடங்கியது. முதல் ஓட்டங்களில் ஏறிய பத்திரிகையாளர்கள் பலருக்குத் தலைசுற்றிக் குமட்டியது. மறுநாள் செய்தித்தாள்களில் அதுதான் பேச்சு. ரயிலின் சாய்வு மிகத் துல்லியம். வளைவின் பக்கவாட்டு விசையை ஏறக்குறைய முழுவதுமாகச் சமன்செய்துவிட்டது. கையில் இருக்கும் தேநீர்கூடச் சிந்தாது. கோளாறு அங்கேதான் இருந்தது. உடம்புக்கு வளைவே தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே அடிவானம் மட்டும் சரிகிறது. பிறகு சாய்வைச் சற்றுக் குறைத்து, வளைவின் விசையைக் கொஞ்சம் உணரவிட்டபோது குமட்டல் தணிந்தது. ஆனால் அதற்குள் அந்தத் திட்டத்தின் பெயர் கெட்டுவிட்டது. தொழில்நுட்பத்தின் ஒரு பகுதி இத்தாலிக்குப் போய், பெண்டோலினோ என்ற பெயரில் வந்த சாயும் ரயில்களுக்கு உதவியது.

மாணவர்கள் இந்த நிகழ்ச்சியை மறக்கக் கூடாது என்று விரும்புகிறேன். பயணிக்கு எதுவுமே தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் சுகம் என்று அந்தப் பொறியாளர்கள் நம்பினார்கள். உடம்பு கேட்டது உண்மையை. வளைவு என்றால் வளைவு என்று அதற்குத் தெரிய வேண்டும். ஓட்டுநரில்லாத கார்களில் இந்தச் சிக்கல் பெருகப்போகிறது. காரில் உள்ள எல்லோரும் பயணிகளாகிவிடுவார்கள், எல்லோரும் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். 2024இல் ஆப்பிள் நிறுவனம் தன் கைபேசியில் ஒரு வசதி சேர்த்தது. திரையின் ஓரங்களில் சிறு புள்ளிகள் வண்டி திரும்பும் திசைக்கும் வேகத்துக்கும் ஏற்ப நகரும். படிக்கும் கண்ணுக்கு வண்டியின் அசைவை ஞாபகப்படுத்துவது மட்டுமே அதன் வேலை. சிறிய உத்தி, நேர்மையான உத்தி.

இனிக் காத்திருப்பு. ஹார்வர்டு வணிகப் பள்ளியில் பணியாற்றிய டேவிட் மைஸ்டர் 1985இல் வரிசையில் நிற்பவரின் மனத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சும்மா நிற்கும் நேரம் நீளும். எவ்வளவு நேரம் என்று தெரியாமல் நிற்பது இன்னும் நீளும். காரணம் சொல்லப்படாத தாமதமும், நியாயமில்லாத வரிசையும், தனியாக நிற்பதும் நேரத்தைப் பெருக்கும். பேருந்து நிறுத்தத்தில் நின்ற எவருக்கும் தெரிந்த செய்திதான். ஆனால் அதை ஒரு துறை ஏற்றுக்கொள்வதற்கு அது எழுத்தில் வர வேண்டியிருந்தது. பல நாடுகளின் போக்குவரத்துத் திட்டக் கணக்குகளில் காத்திருக்கும் ஒரு நிமிடத்துக்கு வண்டிக்குள் கழியும் ஒரு நிமிடத்தைப்போல ஏறத்தாழ இரு மடங்கு பாரம் கொடுக்கிறார்கள். அதாவது தவிப்புக்குக் கணக்கேட்டில் ஓர் இடம் கிடைத்துவிட்டது. எளிய அங்கீகாரம் இல்லை இது. பத்து நிமிடத்துக்கு ஒரு பேருந்தை ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக்குவதா, மேம்பாலம் கட்டி வண்டியின் வேகத்தைக் கூட்டுவதா என்று வரும்போது, இந்த இரு மடங்குதான் பேருந்தின் பக்கம் தராசைச் சாய்க்கும்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவான ஒரு செயலி, பேருந்து எப்போது வரும் என்பதை நிகழ்நேரத்தில் சொன்னது. காரி வாட்கின்ஸும் அவர் சகாக்களும் நிறுத்தங்களில் நின்று அளந்து 2011இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அந்தத் தகவல் இல்லாதவர்கள், தாம் உண்மையில் நின்றதைவிட அதிக நேரம் நின்றதாக எண்ணினார்கள். தகவல் இருந்தவர்களுக்கு அந்த வேறுபாடு இல்லை. பேருந்தின் வேகம் கூடவில்லை. தெரியாமை போய்விட்டது. அவ்வளவுதான்.

இதே அறிவை வேறு விதமாகவும் பயன்படுத்தலாம். அமெரிக்காவின் ஹூஸ்டன் விமான நிலையத்தில் பெட்டி வர நேரமாகிறது என்று பயணிகள் புகார் சொல்லிக்கொண்டே இருந்தார்கள் என்றும், விமானங்களைத் தொலைவான வாயில்களில் நிறுத்திப் பயணிகளை அதிக தூரம் நடக்கவிட்டதும் புகார்கள் அடங்கிவிட்டன என்றும் ஒரு கதை மேலாண்மை வகுப்புகளில் பாராட்டோடு சொல்லப்படுவதுண்டு. எனக்கு அதில் மகிழ்ச்சி இல்லை. நடக்க முடியாத முதியவரை, கைக்குழந்தையோடு வந்தவரை நடக்கவிட்டு, வாயை அடைத்த உத்தி அது. பெட்டி ஒரு நிமிடம்கூட முன்னதாக வரவில்லை. சியாட்டிலின் செயலி பயணியிடம் உண்மையைச் சொன்னது. ஹூஸ்டன் கதையில் உண்மை மறைக்கப்பட்டது. இரண்டையும் ஒரே அத்தியாயத்தில் வைத்துப் பாடம் நடத்துவது தவறு. நம் ஊரில் பேருந்து எங்கே வருகிறது என்பதைக் கைபேசியில் பார்க்க முடிகிறது. நல்ல காரியம். ஆனால் மார்க்கெட்டுக்குக் கீரைக்கட்டு கொண்டுபோகும் பாட்டியிடம் இருப்பது பொத்தான் போன். நிறுத்தத்திலேயே ஒரு பலகை ஒளிர்ந்தால், ஒரு குரல் சொன்னால், அவருடைய தவிப்பும் குறையும். எந்தப் பயணியின் தவிப்பை எண்ணுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நான் இன்று அதிகம் பேச விரும்பும் இடம் இதுதான். போக்குவரத்துத் துறை பயணிகளை எண்ணுகிறது. பயணம் செய்யாதவர்களை எண்ணுவதில்லை. ஒரு தடத்தில் இரவு ஒன்பதுக்கு மேல் பெண்கள் ஏறுவதில்லை என்றால், அங்கே தேவை இல்லை என்று முடிவுகட்டி அடுத்த ஆண்டு அந்த நடையையே நிறுத்திவிடுவார்கள். தேவை இருந்தது. பயம் அதைத் தின்றுவிட்டது.

பொருளாதார அறிஞர் கிரிஜா போர்கர் தில்லிப் பல்கலைக்கழக மாணவிகளைப் பற்றிச் செய்த ஆய்வு இதைக் கண்முன் நிறுத்துகிறது. நல்ல மதிப்பெண் எடுத்த பெண்கள், தமக்குக் கிடைக்கக்கூடிய தலைசிறந்த கல்லூரியை விட்டுவிட்டு, தரவரிசையில் வெகுவாகப் பின்தங்கிய கல்லூரிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கே போகும் வழியில் சீண்டல் குறைவு என்பதே காரணம். அதே மதிப்பெண் எடுத்த ஆண்கள் அப்படிச் செய்வதில்லை. பாதுகாப்பான வழிக்காகப் பெண்கள் ஆண்களைவிடக் கூடுதலாகச் செலவழிக்கவும் தயாராக இருக்கிறார்கள். பேருந்துக்குள் அனுபவிக்கும் அருவருப்பும் அச்சமும் ஒரு பெண்ணின் பட்டத்தை மாற்றுகின்றன, வேலையை மாற்றுகின்றன, வாழ்நாள் வருமானத்தை மாற்றுகின்றன. எந்தப் போக்குவரத்துப் புள்ளிவிவரத்திலும் இது பதிவாகாது. அந்த மாணவி ஏதோ ஒரு பேருந்தில் ஏறிக்கொண்டுதான் இருக்கிறாள். தப்பான கல்லூரிக்குப் போகும் பேருந்தில்.

பயத்தைக் கேட்டுத் திருத்துவது பெரும் செலவுள்ள வேலையாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. கனடாவின் மாண்ட்ரியால் நகரில் 1996இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். இரவில் தனியாகப் பயணம் செய்யும் பெண், இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவில், தன் வீட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொல்லி இறங்கிக்கொள்ளலாம். புதிய பேருந்து வாங்கவில்லை, தடம் மாற்றவில்லை. பேருந்தை விட்டு இறங்கிய பிறகு வரும் இருட்டு நடைதான் அந்தப் பயணத்தின் மிகக் கடினமான பகுதி என்பதை யாரோ காதுகொடுத்துக் கேட்டார்கள். மும்பையில் 1992 மே 5 அன்று சர்ச்கேட்டிலிருந்து போரிவலிக்குப் பெண்களுக்கு மட்டுமான புறநகர் ரயில் புறப்பட்டது. பெண்களைத் தனியே பிரிப்பது தீர்வாகுமா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. ஆண்களின் நடத்தை திருந்தும்வரை பெண்கள் வேலைக்குப் போகாமல் இருக்க முடியாது என்பது அதைவிட நியாயமானது.

தமிழ்நாட்டில் 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. அந்தத் தொகையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பிறந்த வீட்டுக்குப் போய்வர, ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் அக்காளைப் பார்க்க, இன்னும் கொஞ்சம் தள்ளி இருக்கும் வேலைக்கு விசாரித்து வர, வீட்டுக்காரரிடமோ மகனிடமோ கையேந்தத் தேவையில்லை. கேட்டு வாங்கும் பத்து ரூபாயோடு வரும் கூச்சம், எங்கே போகிறாய் என்ற விசாரணை, இரண்டும் பயணத்துக்கு முந்தைய தடைகள். பொருளாதார மொழியில் இதை விலைக்குறைப்பு என்பார்கள். பெண்கள் பேசும்போது ‘யாரையும் கேட்க வேண்டாம்’ என்கிறார்கள். திட்டத்தின் பலனை அளக்கிறவர்கள் இந்தச் சொற்களையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

கூச்சத்துக்கும் அவமானத்துக்கும் ரயிலில் ஒரு நெடிய வரலாறு உண்டு. 1917இல் காந்தி மூன்றாம் வகுப்புப் பயணத்தைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதில் அவர் விவரிக்கும் பயணம் பம்பாயிலிருந்து நம் சென்னைக்கு வந்தது. கட்டணம் 13 ரூபாய் 9 அணா. 22 பேருக்கு என்று எழுதிய பெட்டி. இரண்டு இரவுகள். படுக்க வசதி இல்லை. நெரிசலையும் அழுக்கையும் அவர் அடுக்கிச் சொல்வதன் அடியில் ஓடுவது ஒரே குற்றச்சாட்டு: இந்தப் பெட்டியைக் கட்டியவர்கள் இதில் வருபவர்களை மனிதர்களாக நினைக்கவில்லை. அறுபது ஆண்டு கழித்து, 1977இல், மது தண்டவதே ரயில்வே அமைச்சரானார். இரண்டாம் வகுப்புப் படுக்கை அப்போது வெறும் மரப்பலகை. அதன் மேல் இரண்டு அங்குல நுரைப்பஞ்சு மெத்தை வைக்கச் செய்தார். அதே ஆண்டு டிசம்பரில் வகுப்பு வேறுபாடு இல்லாத கீதாஞ்சலி எக்ஸ்பிரஸ் பம்பாய்க்கும் ஹவுராவுக்கும் இடையே ஓடத் தொடங்கியது. இரண்டு அங்குலம் என்பது பொறியியலில் ஒன்றுமில்லை. இரவெல்லாம் முதுகு வலிக்கப் போய்ச் சேர்ந்தவர்களுக்கு அது அரசு தந்த மரியாதை. இந்திய ரயில்வேயின் வடிவமைப்பு வரலாற்றை யாராவது எழுதினால் அந்த இரண்டு அங்குலத்துக்கு ஒரு முழு அத்தியாயம் தர வேண்டும்.

சக்கர நாற்காலியில் வருபவர் இன்றும் பல பேருந்துகளில் மூட்டையைப்போலத் தூக்கி ஏற்றப்படுகிறார். தூக்குபவர்கள் நல்ல மனசோடுதான் தூக்குகிறார்கள். தூக்கப்படுபவருக்கு நேரும் குறுகல் அதனால் குறைந்துவிடுவதில்லை. 2024இல் சென்னைச் சாலைகளுக்குத் தாழ்தளப் பேருந்துகள் மீண்டும் வந்ததற்குப் பின்னால் மாற்றுத்திறனாளிகள் நீதிமன்றம் வரை கொண்டுபோன நெடிய போராட்டம் இருக்கிறது. அவர்கள் கேட்டது சலுகை இல்லை, யாருடைய கையும் படாமல் ஏறும் உரிமை.

இப்போது கேமராவுக்கு வருகிறேன். பயணியின் உணர்ச்சி முக்கியம் என்று நான் சொல்வதைக் கேட்டு மகிழக்கூடிய தொழில் ஒன்று வளர்ந்திருக்கிறது. முகத்தைப் பார்த்து மனத்தைச் சொல்லும் மென்பொருள் தொழில். வண்டி ஓட்டுபவர் கண்ணயர்ந்தால் எச்சரிக்கும் கருவியை ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஜூலை முதல் எல்லாப் புதிய வாகனங்களுக்கும் கட்டாயமாக்கியது. அதை வரவேற்கிறேன். அது உயிரைக் காக்கும், அளப்பது தூக்கக் கலக்கத்தை. ஆனால் 2018இல் பிரேசிலின் சாவோ பாவ்லோ மெட்ரோவின் 4ஆம் தடத்தில் நடந்தது வேறு. நடைமேடைக் கதவுகளில் விளம்பரத் திரைகள். திரையோடு கேமரா. விளம்பரத்தைப் பார்ப்பவர் சிரிக்கிறாரா, முகம் சுளிக்கிறாரா என்று அது பதிவுசெய்தது. நுகர்வோர் அமைப்பு ஒன்று வழக்குத் தொடுத்தது. அதே ஆண்டு அந்தக் கேமராக்களை நிறுத்த நீதிமன்றம் உத்தரவிட்டது. வேலைக்குப் போக வேறு வழியில்லாமல் அந்தக் கதவின் முன் நிற்பவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

அறிவியலும் இந்த மென்பொருளுக்குத் துணை நிற்கவில்லை. லிசா ஃபெல்ட்மன் பாரெட்டும் சக உளவியலாளர்களும் 2019இல் வெளியிட்ட விரிவான மதிப்பாய்வு, முகத்தின் அசைவை மட்டும் வைத்து உள்ளே இருக்கும் உணர்ச்சியை நம்பகமாகச் சொல்ல முடியாது என்று காட்டியது. கோபத்தில் சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். துக்க வீட்டுக்குப் போகிறவர் முகத்தை இறுக்கிக்கொண்டு ரயிலில் உட்கார்ந்திருப்பார். அவரை ‘அதிருப்தியுள்ள வாடிக்கையாளர்’ என்று ஒரு இயந்திரம் குறித்துக்கொள்ளும். பயணியின் மனத்தை அறிய வேண்டுமென்றால் அவரிடம் கேட்க வேண்டும். நிறுத்தத்தில் போய் நின்று கேட்க வேண்டும். ஏறாமல் வீட்டில் இருப்பவரையும் தேடிப்போய்க் கேட்க வேண்டும்.

ஓட்டுநரில்லாக் கார்கள் சான் பிரான்சிஸ்கோவில் இன்று கட்டணத்துக்கு ஓடுகின்றன. கூகுள் குழுமத்தைச் சேர்ந்த வேமோ வண்டிக்குள் ஒரு திரை இருக்கிறது. சுற்றியிருக்கும் கார்கள், சாலையைக் கடக்கும் மனிதர்கள் என வண்டியின் கருவிகள் எதையெல்லாம் கண்டுகொண்டன என்பதை அது வரைந்து காட்டுகிறது. நீ பார்ப்பதை நானும் பார்க்கிறேன் என்று பயணிக்குச் சொல்லும் திரை. பாரிசின் முன்கண்ணாடிக்குப் பிறந்த குழந்தை. சான் பிரான்சிஸ்கோவிலேயே குரூஸ் என்ற இன்னொரு நிறுவனம் 2023 அக்டோபரில் ஒரு விபத்தில் சிக்கியது. வேறொரு கார் மோதித் தூக்கியெறிந்த பெண் அதன் வண்டிக்கு அடியில் அகப்பட்டார். வண்டி நின்றது. பிறகு ஓரம்கட்டுவதற்காக அவரை இழுத்துக்கொண்டே நகர்ந்தது. அந்த இழுத்துச்சென்ற பகுதியை நிறுவனம் தங்களுக்கு முழுமையாகத் தெரிவிக்கவில்லை என்று கலிஃபோர்னியா அதிகாரிகள் குற்றம்சாட்டி உரிமத்தை நிறுத்திவைத்தார்கள். அடுத்த ஆண்டு இறுதியில் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் அந்தச் சேவைக்குப் பணம் போடுவதையே நிறுத்திவிட்டது. விபத்து ஒரு காரணம். விபத்தைப் பற்றிய உண்மை முழுதாக வெளிவராதது அதைவிடப் பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன்.

நம் ஊருக்கு வருகிறேன். சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம், மூன்று தடங்கள், 118.9 கிலோமீட்டர், ஓட்டுநரில்லாமல் இயங்குவதற்காக வடிவமைக்கப்பட்ட ரயில்கள். தொழில்நுட்பத்தைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. தில்லி மெட்ரோ 2020 முதல் இதைச் செய்கிறது. நான் நினைப்பது நம் பேருந்து நடத்துநரைப் பற்றி. சீட்டுக் கிழிப்பது அவர் வேலையில் ஒரு பகுதிதான். ‘இறங்குற இடம் வந்தா சொல்றேம்மா, உட்காரு’ என்பவர் அவர். குடித்துவிட்டு வம்பு செய்பவனை இறக்கிவிடுபவர் அவர். மயங்கி விழுந்தவருக்குத் தண்ணீர் கொடுத்து, வண்டியை ஆஸ்பத்திரி வாசலுக்கே விடச் சொல்பவரும் அவர்தான். இயந்திரம் ஓட்டுநரின் வேலையை வாங்கிக்கொள்ளலாம். இந்த வேலையை யாரிடம் கொடுக்கப்போகிறோம்?

லண்டனின் டாக்லண்ட்ஸ் இலகு ரயில் 1987 முதல் தானியங்கியாக ஓடுகிறது. அதில் ஓட்டுநர் அறையே கிடையாது. ஆனால் ஒவ்வொரு ரயிலிலும் ஒரு பணியாளர் இருக்கிறார். கதவுகளைக் கவனிக்கிறார், சீட்டைச் சரிபார்க்கிறார், வழி சொல்கிறார், தேவைப்பட்டால் ரயிலையே கையால் ஓட்டுகிறார். ஓட்டுநர் இருக்கையில் அடைபட்டிருக்க வேண்டிய ஒருவர் பயணிகளுக்கு நடுவே நடமாடுகிறார். மாதவரத்திலிருந்து சிறுசேரி வரை நீளும் நம் தடத்தில் பின்னிரவுப் பணி முடித்து ஏறும் பெண்கள் இருப்பார்கள், முதன்முறை நகரத்துக்கு வந்து திசை தெரியாமல் நிற்பவர்கள் இருப்பார்கள். குறைந்தபட்சம் இருட்டிய பிறகு ஓடும் ஒவ்வொரு ரயிலிலும் ஒரு மனிதர் பெட்டிக்குப் பெட்டி நடந்துகொண்டிருக்க வேண்டும் என்று கேட்கிறேன். அவருடைய சம்பளத்தை ‘இதர செலவு’ என்ற தலைப்பில் ஒதுக்கிவிடாமல், பிரேக்குக்கும் கதவுக்கும் பணம் ஒதுக்கும் அதே பக்கத்தில் எழுத வேண்டும் என்றும் கேட்கிறேன்.